முட்புதருக்கு ஒரு கல்வெட்டு

நகர சீரமைப்பு வாரியம் திண்டுக்கல்லில் இடிக்க வேண்டியதை எல்லாம் இடித்து முடித்தது. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது கொத்தனாருக்குத் தெரியும், களையெடுக்கிற பெண்ணுக்குத் தெரியும். வாரியத்துக்குத் தெரியவில்லை. அங்கே நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று மேலிடம் எட்டு மாதம் யோசித்தது. ஒன்பதாம் மாதம் ஆணை வந்தது. வாரியத்தின் பெயர் இனி நகர நினைவு வாரியம். இதுவரை இடித்த கட்டிடங்களை எல்லாம் அது இனிமேல் நினைவுகூரும்.

பெயிண்டர் வந்து பலகையில் 'சீரமைப்பு' என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு 'நினைவு' என்று எழுதினார். இடம் மிச்சமிருந்தது. அதில் ஒரு பூ வரைந்தார். உள்ளே இடிப்புப் பிரிவு நினைவுப் பிரிவு ஆனது. அவசர இடிப்புப் பிரிவு அவசர நினைவுப் பிரிவு ஆனது. வாசலில் நின்ற பொக்லைன் இயந்திரத்துக்குத்தான் புதுப் பெயர் கிடைக்கவில்லை. ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை கழுத்தில் காய, அது அங்கேயே நின்றது.

சாலைக்கு எதிர்ப்புறம் அப்பாஸின் செருப்புக் கடை. அப்பாஸுக்கு அறுபத்து மூன்று வயது. யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். கேட்ட அளவு கடையில் இல்லாவிட்டால்கூட, நாளைக்கு வாருங்கள், வந்துவிடும் என்றுதான் சொல்வார். அந்தக் குணத்தை வாரியம் இருபது வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டது.

ஓர் இடத்துக்குப் போய், அங்கே இருப்பதை இருந்தபடி எழுதி, ஊரார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடும் காகிதத்துக்கு மகஜர் என்று பெயர். கட்டிடம் இருக்கிறது என்று மகஜர் எழுதினால் உரியவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அறுபது நாள் பொறுக்க வேண்டும், கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். காலி மனை என்று எழுதினால் இதெல்லாம் தேவையில்லை. வாரியம் காலத்தின் அருமை அறிந்தது. ஆகவே மகஜரை அலுவலகத்தில் உட்கார்ந்தே எழுதிவிடுவார்கள். பிறகு பொக்லைன் போய் அதை உண்மையாக்கும்.

சாட்சிக்கு எங்கே அலைவது? சாலையைக் கடந்தால் அப்பாஸ் இருந்தார். பாய், ஒரு கையெழுத்து என்று கேட்டு வருவார்கள். அவர் பாலீஷ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுப்பார். படித்துப் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்வார். படித்தால் அவர்களை நம்பாததுபோல் ஆகிவிடுமாம். அவர் கடையின் தகரப் பந்தல் சாக்கடையைத் தாண்டி மூன்றடி ரோட்டுக்குள் நீட்டியிருந்தது. அந்தத் தெருவில் எல்லாப் பந்தலையும் வாரியம் அளந்தது. அதை அளக்கவில்லை. ஏன் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு மகஜர்கள். இரண்டு சினிமாக் கொட்டகைகள், ஒரு சத்திரம், ஒரு வாசகசாலை, குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி, எல்லாம் காலி மனை. இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவந்த டீ மாஸ்டர் கொரோனாவில் போய்விட்டார். ஊரில் மறைந்துபோன அத்தனை கட்டிடங்களுக்கும் உயிரோடு இருக்கிற ஒரே சாட்சி அப்பாஸ்தான். வாரியம் நினைவு வாரியமான மறுநாளே எழுத்தர் ரீனா அவருக்கு ஒரு டைரியும் காலண்டரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் விண்ணப்பம் நஜ்முன்னிசாவுடையது.

அவருக்கு எழுபத்தாறு வயது. தோல்மண்டித் தெருவில் இருந்த காதர் பீவி பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் ஆயாவாக இருந்தவர். காதர் பீவி என்கிற அம்மாள் தான் குடியிருந்த வீட்டின் முன்பாதியைக் கொடுத்து நடத்திய ஆறு கட்டில் ஆஸ்பத்திரி அது. டாக்டரம்மா சாயங்காலம் வருவார். பிள்ளைகள் அதுவரை காத்திருப்பதில்லை என்பதால் பெரும்பாலும் நஜ்முன்னிசாவின் கையில்தான் வந்து விழுந்தன. எரியோட்டிலிருந்தும் அய்யலூரிலிருந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். 2011இல் அதை இடித்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் இன்றுவரை பிரசவ ஆஸ்பத்திரி என்றுதான் பெயர். இந்த ஊரில் வழி சொல்வதே அப்படித்தான். பழைய கொட்டகைக்கு அடுத்த சந்து என்பார்கள். கொட்டகை இருக்காது, சந்து இருக்கும்.

அந்த இடத்தில் ஒரு கல் நட்டு, ஆஸ்பத்திரியின் பெயரை எழுத வேண்டும். நஜ்முன்னிசா கேட்டது அவ்வளவுதான். தன் பெயரைக்கூட அவர் போடச் சொல்லவில்லை.

விண்ணப்பத்தோடு மூன்று சான்றுகள் இணைக்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. ஒன்று, கட்டிடம் இடிக்கப்பட்ட பின் எடுத்த, கட்டிடம் தெளிவாகத் தெரியும் புகைப்படம். இரண்டு, கட்டிடம் தற்போது இல்லை என்று அதன் உரிமையாளர் அதே முகவரியிலிருந்து எழுதிய கடிதம். மூன்று, கட்டிடத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர்.

மூன்றாவதுக்காக அவர் செருப்புக் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அப்பாஸு, ஒம் மக பாஸிலா யாரு கையில பொறந்தா?"

"ஒங்க கையிலதான்க்கா."

"எங்க வச்சு?"

அப்பாஸ் குனிந்து கீழ்த்தட்டில் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"செத்த நேரம் இருங்கக்கா. எட்டாம் நம்பர் ஒரு ஜோடி தேடுறேன்."

நஜ்முன்னிசா பொறுத்தார். கடையில் வேறு யாரும் இல்லை. எட்டாம் நம்பரை யாரும் கேட்கவும் இல்லை.

"சரி, தேடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அப்பாஸ் நிமிரவில்லை.

விசாரணை நாளன்று வாரியத்தின் கூட்ட அறை நிரம்பியிருந்தது. தங்கள் நினைவுகளைப் பதிவு செய்துகொள்ள ஊர் திரண்டு வந்திருந்தது. ஒரு நினைவுக்கு மூன்று நிமிஷம். முடிந்தால் மணி அடிக்கும். துணை இயக்குநர் செழியன் தலைமை தாங்கினார். முன்பு இடிப்புப் பிரிவில் இருந்தவர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாதவர். தொடக்க உரை நிகழ்த்தினார்.

"நினைவு என்பது பொதுமக்களிடம் விட்டுவைக்கக் கூடிய பொருள் அல்ல. ஆளுக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். பராமரிப்பு இல்லை. எங்களைப் பாருங்கள். இந்த ஊரில் ஒரு கட்டிடத்தைக்கூட நாங்கள் மறந்ததில்லை. மறந்திருந்தால் இரண்டாவது முறை இடிக்கப் போயிருப்போம்."

கைதட்டினார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கொட்டகையைப் பற்றிச் சொன்னார். அங்கே பார்த்த படம் என்ன என்று கேட்டார்கள். சொன்னார். கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் முடிவை மறந்துவிட்டார். கொட்டகையின் முன்பாதி ஏற்கப்பட்டது, பின்பாதி நிராகரிக்கப்பட்டது. கல்தொட்டியைப் பற்றிப் பேச வந்த பெண்மணி பேச முடியாமல் அழுதார். அழுகை விண்ணப்பத்தின் பகுதி அல்ல என்று ரீனா குறித்துக்கொண்டாள். மணி அடித்தது.

நஜ்முன்னிசா எழுந்தார். அங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று செழியன் கேட்டார்.

"ஊருக்குள்ள நடமாடுது சார்."

"எத்தனை?"

"நாலாயிரம் இருக்கும்."

மனிதர்களை ஆவணமாக ஏற்க விதியில் இடமில்லை என்றும், அவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் கோப்பில் வைக்க முடியாது என்றும் செழியன் விளக்கினார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து வாசித்தார். மேற்படி இடம் காலி மனை. முட்புதர் மண்டிக் கிடக்கிறது. கட்டிடம் ஏதும் இல்லை. சாட்சி, கா. அப்பாஸ்.

அப்பாஸ் மூன்றாம் வரிசையில் இருந்தார். டீ சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள் என்று வந்திருந்தார்.

"அவரே இருக்காரு, கேட்டுருவோமே. பாய், இது உங்க கையெழுத்துதானே?"

நஜ்முன்னிசா திரும்பிப் பார்த்தார். அப்பாஸ் மின்விசிறியைப் பார்த்தார்.

"கையெழுத்து நம்மளுதுதான் சார்."

அது உண்மை. அவ்வளவு உண்மை போதும் என்று செழியன் நன்றி சொன்னார்.

ஒரு வாரத்தில் வாரியம் முடிவெடுத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களிலும் கல் நடப்படும். கல்லில் என்ன எழுதுவது என்பதில் குழப்பம் வேண்டியதில்லை. ஆவணத்தில் உள்ளதே எழுதப்படும். மற்ற மகஜர்களில் வெறுமனே காலி மனை என்று மட்டும் இருந்தது. தோல்மண்டித் தெரு மகஜரில்தான் முட்புதர் என்று ஒரு பொருள் இருந்தது. நினைவுகூர ஏதாவது வேண்டும் அல்லவா? ஆகவே முதல் கல் அங்கே. 'இவ்விடத்தில் 2011 வரை முட்புதர் இருந்தது.'

கையோடு எரியோடு டவுன் பஸ் கண்டக்டருக்கு ஓர் அறிவிப்புப் போயிற்று. மேற்படி நிறுத்தத்தில் ஆஸ்பத்திரி எதுவும் இருந்ததாக ஆவணம் இல்லை. அனுமதி பெறாத நினைவைப் பயணிகளிடம் கூவிப் பரப்ப வேண்டாம். கண்டக்டர் குசும்பு பிடித்தவர். அன்றே மாற்றிக்கொண்டார். முள்ளுப்புதரெல்லாம் எறங்கு, பார்த்து எறங்கு, குத்திறப் போகுது என்று கூவினார். பஸ்ஸே சிரித்தது. இரண்டு நாளில் ஊர் முழுக்கச் சிரித்தது. அங்கே பிறந்தவர்களும் சிரித்தார்கள். தோல்மண்டித் தெருவில் யாராவது கோபப்பட்டால், முள்ளுல பொறந்தவன், குத்தத்தான் செய்வான் என்றார்கள். நஜ்முன்னிசா அதற்குப் பிறகு பஸ் ஏறவில்லை. சந்தைக்கு நடந்தே போனார். அப்பாஸின் கடை இருக்கிற பக்கம் வராமல் எதிர்ப்பக்கமாகவே நடந்தார்.

அப்பாஸின் வீட்டில் அவர் மனைவி ரஃபியா மூன்று நாள் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் சோறு போட்டு, வெஞ்சனக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

"முள்ளுக்குள்ளயா நான் புள்ளப் பெத்தேன்?"

அப்பாஸ் பிசைந்த சோற்றை உண்ணாமல் தட்டை நகர்த்தினார். பிறகு கை கழுவினார். மறுநாள் காலையில் சாலையைக் கடந்தார். அவராக அந்த வாசலுக்குப் போவது அதுதான் முதல் தடவை.

செழியன் அவரை உட்காரவைத்து பாதாம் பால் வரவழைத்தார். அந்தக் கல் வேண்டாம் என்று அப்பாஸ் சொன்னார். அங்கே ஆஸ்பத்திரி இருந்தது என்றார்.

"தெரியும் பாய். இடிக்கிறப்ப நான்தானே நின்னேன். சுண்ணாம்புச் சொவரு. அரை நாள் வாங்கிருச்சு."

"அப்ப சார், நீங்களே ஒரு வார்த்தை எழுதிட்டா..."

"எனக்குத் தெரிஞ்சது நினைவு. கோப்புல இருக்கறது சான்று. நம்ம வாரியத்துல நினைவுக்கு எடமில்ல பாய்." செழியன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதில் பகை எதுவும் இல்லை. "ஒண்ணைத் திருத்துனா இருநூத்திப் பன்னெண்டையும் பார்க்கணும். பார்க்கணும்னா திரும்ப அளக்கணும். அளக்கறதுன்னா, பக்கத்துல இருக்கறதுலருந்துதான் ஆரம்பிக்கணும்."

அவர் சன்னல் வழியே சாலையைப் பார்த்தார். அப்பாஸும் பார்த்தார். தன் கடையை அந்தப் பக்கத்திலிருந்து அவர் பார்த்ததே இல்லை. பந்தல் மூன்றடிக்கு மேலேயே இருக்கும்போல் தெரிந்தது.

திறப்பு விழாவில் அவருக்கு 'நினைவுக் காவலர்' என்று பட்டம் கொடுக்கப் போவதாகவும், துணியை விலக்கிக் கல்லைத் திறந்துவைப்பவர் அவர்தான் என்றும் செழியன் சொன்னார். அப்பாஸ் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருப்பதற்குச் சரி என்றுதான் பொருள் என்பது இருவருக்கும் தெரியும். பாதாம் பாலைக் குடித்துவிட்டு வந்தார்.

விழா காலை பதினோரு மணிக்கு. சாமியானா போட்டிருந்தார்கள். கல்லின் மேல் மஞ்சள் துணி. வாரியத்தின் நாற்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். அப்பாஸின் தெருவில் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வராவிட்டால் வாரியம் பேரைக் குறித்துவைத்துக்கொள்ளும் என்பதால் வந்தார்கள். நஜ்முன்னிசா சாமியானாவுக்கு வெளியே, வெயிலில் நின்றார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

வரவேற்புரையில் செழியன் முட்புதரின் சிறப்புகளை எடுத்துரைத்தார். வறட்சியைத் தாங்குவது, யாரையும் எதிர்பாராதது, அகற்றும்போது எதிர்ப்புத் தெரிவிக்காதது, இழப்பீடு கேட்காதது. நகரம் இத்தகைய முன்னோடிகளை மறக்கக் கூடாது என்றார். பிறகு அப்பாஸுக்குப் பொன்னாடை போர்த்தினார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை அவர் பக்கம் திருப்பினார்.

அப்பாஸ் எழுந்து நின்றார். பொன்னாடையின் சரிகை கழுத்தில் உறுத்தியது. கூட்டத்தைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்துப் பேசினார்.

"இங்க முள்ளு இல்ல. காதர் பீவி ஆஸ்பத்திரி இருந்துச்சு. ஆறு கட்டிலு. பச்சைக் கதவு, ஒரு பக்கந்தான் தொறக்கும். எம் பொண்டாட்டி உள்ள கத்துறா, நான் வெளிய சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நஜ்முன்னிசாக்கா வந்து புள்ளைய எங் கையில குடுத்துச்சு. கையெழுத்துப் போட்ட எதையும் நான் படிக்கலன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேன். மத்ததப் படிக்கல. இதைப் படிச்சேன். தோல்மண்டித் தெருன்னு இருந்துச்சு, படிச்சேன். படிச்சுட்டுத்தான் போட்டேன்."

அப்பாஸ் உட்கார்ந்தார்.

செழியன் பதறவில்லை. நன்றி சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார். விழா நிகழ்ச்சிக்கு ஒரு மகஜர் போட வேண்டும், செத்த நேரம் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ரீனா மேசையில் உட்கார்ந்து கடகடவென்று எழுதினாள். எழுதியதைக் கொண்டுவந்து, வழக்கம்போல, அப்பாஸின் முன்னால் வைத்தாள்.

அப்பாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். முட்புதர் நினைவுக்கல் திறப்பு விழா இனிது நடைபெற்றது. அழைக்கப்பட்டிருந்த கா. அப்பாஸ் என்பவர் உடல்நலக் குறைவால் வரவில்லை. உரை ஏதும் நிகழ்த்தப்படவில்லை. சாட்சி, கா. அப்பாஸ்.

"போடமாட்டேன் சார்."

அறுபத்து மூன்று வயதில் அவர் சொன்ன முதல் மறுப்பு அது. அதைச் சொல்லும்போது குரல் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவருக்கு அதற்கு முன் தெரிந்திருக்க நியாயமில்லை.

செழியன் தலையாட்டினார். வராதவர் கையெழுத்துப் போடுவது முறையல்ல, அவர் சொல்வதும் சரிதான் என்றார். ரீனா அப்பாஸின் பெயரை அடித்துவிட்டுக் காகிதத்தோடு கூட்டத்துக்குள் போனாள். தூரம் போகவில்லை. முதல் வரிசையில், அப்பாஸுக்கு அடுத்த நாற்காலியிலேயே பொம்மையன் இருந்தார். அப்பாஸின் கடைக்கு இரண்டு கடை தள்ளி டயர் கடை வைத்திருப்பவர், பதினைந்து வருஷப் பழக்கம். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையே எடுத்தார்.

"பொம்மையா, படிச்சுட்டுப் போடுப்பா" என்றார் அப்பாஸ்.

"எதுக்கு பாய்? ஒங்களுக்குத் தெரியாததா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. முகத்தில் மரியாதைதான் இருந்தது. காகிதத்தை முழங்காலில் வைத்து, கா. அப்பாஸ் வரவில்லை என்பதற்கு, கா. அப்பாஸின் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். இரண்டாவது கையெழுத்தை மைக்செட்காரர் போட்டார். அப்பாஸால் பொம்மையனைக் கோபிக்க முடியவில்லை. கையெழுத்துப் போடும்போது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தார்.

ரீனா வந்து அவர் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து நான்காக மடித்தாள்.

"வராதவங்களுக்குப் போத்துனதாக் காட்ட முடியாது பாய். கோவிச்சுக்காதீங்க."

நாற்காலியையும் அப்படியே கேட்டாள். அப்பாஸ் எழுந்து கொடுத்தார். போக வேறு இடம் தெரியாமல் சாமியானாவைவிட்டு வெளியே வந்து, வெயிலில், நஜ்முன்னிசாவுக்கு இரண்டடி தள்ளி நின்றார். அவரைப் பார்க்கும் துணிவு வரவில்லை. நஜ்முன்னிசா தள்ளிப் போகவில்லை.

செழியன் தானே போய்த் துணியை விலக்கினார். கருங்கல்லில் தங்க எழுத்து. எழுத்துக்கு மேலே ஒரு முட்செடி செதுக்கியிருந்தார்கள், அழகாகவே இருந்தது. அவர் அதை உரக்க வாசித்தார். வாரியத்தின் நாற்பத்தொரு பேரும் கைதட்டினார்கள். கடைக்காரர்கள் தட்டினார்கள். பொம்மையன் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு தட்டினார்.

நஜ்முன்னிசா முகத்தைத் திருப்பி அப்பாஸைப் பார்த்தார். முகத்தை அல்ல, கைகளைப் பார்த்தார்.

அவர் பார்த்த பிறகுதான், தானும் தட்டிக்கொண்டிருப்பது அப்பாஸுக்குத் தெரிந்தது.